எரிபொருள் வேலை முடிந்தபின் ஸ்டார்ட் ஆகாத டீசல் லாரி: டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை தேடும் முறை

ஃபில்டரை மாற்றியாகிவிட்டது, அல்லது இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்து திரும்பப் பூட்டியாகிவிட்டது. எல்லா நட்டுகளும் முறுக்கியாயிற்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகவே அடிக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. இப்படி நிற்கும் வண்டிகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். ஒரு வாஷர், ஒரு ரப்பர் வளையம், இடம் மாறிப்போன இரண்டு குழாய்கள், அரைச்சுற்று தளர்ந்த ஒரு கிளிப்: பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். அதைத் தேடாமல் பம்பை மறுபடியும் கழற்றுவார்கள், இன்ஜெக்டரை மறுபடியும் சோதனைக்கு அனுப்புவார்கள். நடுவில் பேட்டரி இறங்கிப்போகும், செல்ஃப் மோட்டாரும் கருகிப்போகும்.

வேலைக்கு வரும்போது ஓடிவந்த வண்டி என்றால், அதன் கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) ஒரே நாளில் குறைந்திருக்காது, பிஸ்டன் தேய்ந்திருக்காது. கை பட்ட இடத்தில்தான் கோளாறு இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு டீசல் போகும் வழியிலேயே, டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை, ஒரு இணைப்பையும் தாண்டாமல் போனால் போதும்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

கழற்றிய இணைப்புகள், மாற்றிய பாகங்கள், பிடுங்கிய கனெக்டர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று நகர்த்திக் கட்டிய வயர்களையும் விடாதீர்கள். பம்புக்கு வழிவிடுவதற்காகக் கழற்றிய எர்த் கேபிளின் போல்ட் மீண்டும் முறுக்கப்படாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பம்பைப் பூட்டிய கை பம்பையே நினைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் தொங்கும் வயர் கண்ணில் படாது. அந்தத் தாள்தான் உங்கள் சோதனைப் பட்டியல்.

வண்டி வேலைக்கு வருவதற்கு முன்பே காலையில் பிடிக்கத் திணறியதா, புகை கக்கியதா என்பதையும் ஓட்டுநரிடம் கேட்டு அதே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நோய் இருந்திருந்தால் தேடல் கடைசியில் கம்ப்ரஷன் வரை போக வேண்டியிருக்கும்.

செல்ஃப் அடிக்கும் முன்

கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத இரண்டு ஆபத்துகளைச் சொல்ல வேண்டும்.

இன்ஜெக்டரைக் கழற்றியிருந்தால், செல்ஃபைத் தொடுவதற்கு முன் இன்ஜினைக் கம்பியால் இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றிப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே டீசல் பாதை அமைந்த இன்ஜின்களில், இன்ஜெக்டரை வெளியே எடுத்ததும் பாதையில் இருக்கும் டீசல் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். திரவம் அமுங்காது. பிஸ்டன் மேலே ஏறி அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். கையால் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி டீசலை வெளியேற்றாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது.

மெக்கானிக்கல் பம்பின் கவர்னரிலோ (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ரேக்கிலோ (டீசல் அளவை மாற்றும் தண்டு) கை வைத்திருந்தால் இரண்டாவது ஆபத்து. ரேக் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால், இன்ஜின் பிடித்த நொடியிலிருந்து வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வைத்து, காற்று நுழையும் வாயை முழுவதும் மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையுடன் ஒருவரைத் தயாராக நிறுத்துங்கள். கையையோ துணியையோ கொண்டு மூட முயலக் கூடாது. உறிஞ்சும் வேகம் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிறகு பேட்டரி. முழு சார்ஜில் ஒரு 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்; இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரியில் 25.2. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் வண்டியில் 9.6க்கும், 24 வோல்ட் வண்டியில் 19க்கும் கீழே போனால் முதலில் பேட்டரியையும் முனைகளையும் எர்த்தையும் சரிசெய்யுங்கள். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. 16 அல்லது 18 மடங்கு அமுக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகி டீசலைப் பற்றவைக்க வேண்டும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியாகவும், அமுங்கிய காற்று ரிங்குகளின் இடுக்கு வழியாகவும் ஓடிவிடும். எரிபொருள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் வெறும் பேட்டரி சோர்வால் பிடிக்காத வண்டிகள் உண்டு.

ஒரு தடவைக்கு 30 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் 2 நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். இன்றே வண்டியை வெளியே அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் எல்லோரும் மீறும் விதி இது.

புகையைப் பாருங்கள்

ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், ஒருவர் சைலன்சர் முனையைப் பார்க்கட்டும். பத்து வினாடியில் கிடைக்கும் இந்தத் தகவல் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை, அதுவும் டீசல் வாடையுடன், வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை: டைமிங் (டீசல் பாயும் நேரம்) தவறு, சூடு போதவில்லை, சில இன்ஜெக்டர்களுக்கு மட்டும் டீசல் போகிறது, அல்லது டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கரும்புகையுடன் உறுமிவிட்டு அணைந்தால் காற்றுப் பாதையைப் பாருங்கள். ஏர் குழாயில் அடைத்து வைத்த துணி இன்னும் அங்கேயே இருக்கலாம்.

இதில் முதல் வகைதான் மிகுதி. இனி வரும் பகுதிகளில் பெரும்பங்கு அதைப் பற்றியதே.

டேங்கிலிருந்து

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டேங்கைக் கழற்றிப் பூட்டியிருந்தால் மிதவை இடம் மாறித் தவறாகக் காட்டக்கூடும். மூடியைத் திறந்து சுத்தமான குச்சியை விட்டு அளந்து பாருங்கள். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் டேங்கின் காற்றோட்டத் துளை அடைத்திருக்கிறது.

டேங்குக்கு அடியில் திருகுக் குழாய் இருந்தால் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய குழாய்களின் வாயில் தூசி போகக் கூடாதென்று செருகிய துணி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் எண்ணிக்கைப்படி திரும்பி வந்துவிட்டனவா? டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருந்தால், டீசல் மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றைத்தான் குடிக்கும். டேங்க் நிறைந்திருந்தால் ஓடி, பாதியானால் நிற்கும் வண்டிகளில் இதைத் தேடுங்கள்.

காற்று: இந்த வேலையின் முதல் எதிரி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மெக்கானிக்கல் பம்பின் ஒரு பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் சிறு உருளை) ஒரு தடவையில் தள்ளுவது ஓரிரு சொட்டு டீசல்தான். அந்தச் சொட்டு குழாய் வழியே போய் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டர் முனையான நாசிலின் ஊசியைத் தூக்க வேண்டும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் பிளஞ்சர் தள்ளும் தள்ளு முழுவதையும் அந்தக் குமிழி வாங்கிக்கொண்டு சுருங்கும். பிளஞ்சர் இறங்கியதும் மறுபடி விரியும். நாசில் ஊசி அசையவே அசையாது. அரை மணி நேரம் செல்ஃப் அடித்தாலும் அந்தக் குமிழி அங்கேயே சுருங்கி விரிந்துகொண்டிருக்கும்.

பலரையும் ஏமாற்றும் விஷயம் அடுத்தது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்ப்) நடுவில் இருக்கும் குழாய் உறிஞ்சப்படும் பக்கம். அங்கே உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அந்த இணைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். 'எங்கேயும் ஒழுகவில்லையே, இணைப்பெல்லாம் காய்ந்துதானே இருக்கிறது' என்று சொல்லி அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். காய்ந்திருக்கும் இணைப்பு நல்ல இணைப்பு என்பது ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகு மட்டுமே உண்மை.

ஒரு லாரி இரண்டு நாள் என்னை அலையவைத்தது. ஃபில்டர் மட்டுமே மாற்றிய வண்டி. ஏர் எடுத்தால் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்) பிடிக்கும், ஐந்து நிமிடம் ஓடும், அணைந்துவிடும். ஹோஸ், கிளிப், வாஷர் எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் புது ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் தலைப்பகுதியின் அடியில் விரலை வைத்து வட்டமாகத் தடவினேன். உலோகத்தின் குளிர்ச்சிக்குப் பதிலாக மழமழப்பான ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. விளக்கடித்துப் பார்த்தால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம், தலைப்பகுதியோடு ஒட்டிக்கொண்டு, உலோகத்தின் நிறத்துக்கே அழுக்கேறிப்போய் அமர்ந்திருந்தது. அதன்மேல் புது வளையம். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று ஒருபோதும் சரியாக உட்காராது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் நெம்பியதும் உரிந்து வந்தது. அதன்பின் அந்த வண்டி முதல் செல்ஃபிலேயே பிடித்தது. அன்றிலிருந்து எந்த ஃபில்டரை மாற்றினாலும் தலைப்பகுதியை விரலால் தடவாமல் புதியதைப் பூட்டுவதில்லை. கழற்றிய ஃபில்டரின் வாயில் பழைய வளையம் இருக்கிறதா என்றும் கூடவே பாருங்கள். அங்கே இல்லையென்றால் மேலேதான் இருக்கிறது.

செப்பு வாஷரும் அப்படித்தான். ஒருமுறை அமுங்கிய வாஷர் இறுகிவிடும். மறுபடி அதே மேடுபள்ளத்தில் உட்காராது. குழாயை இணைக்கும், நடுவில் டீசல் ஓடத் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் புதிய வாஷர் போடுங்கள். பழையதையே போட்டு அதிகமாக முறுக்கினால் போல்ட் அறுந்து, சிறிய வேலை பெரிய வேலையாகும்.

காற்று எங்கிருந்து நுழைகிறது என்று கண்ணால் பார்க்க எளிய வழி, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு டீசலைத் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக இணைப்பது. கைப்பம்பை அடிக்கும்போது குழாயில் குமிழிகள் ஓடினால் கோளாறு அதற்கு முன்னால், டேங்க் பக்கத்தில். குழாய் தெளிவாக இருந்தும் ஃபில்டருக்குப் பின்னால் குமிழி வந்தால், கோளாறு அந்தக் குழாயைத் தாண்டி, ஃபீட் பம்ப் அல்லது ஃபில்டர் பக்கத்தில்.

அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டீசல் நிறைந்த கேன் ஒன்றைப் பம்பைவிட உயரத்தில் நன்றாகக் கட்டிவைத்து, அதிலிருந்து குழாயை நேராக ஃபீட் பம்பின் வாயில் கொடுங்கள். வண்டியின் டேங்கும், நீண்ட குழாயும், நடுவில் உள்ள சிறு ஃபில்டரும் இப்போது கணக்கில் இல்லை. இன்ஜின் பிடித்துவிட்டால் பம்பையும் இன்ஜெக்டரையும் இனி யாரும் தொட வேண்டாம். குற்றவாளி டேங்க் பக்கத்தில்தான் இருக்கிறது. பம்பைக் கழற்ற ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏர் எடுக்கும் முறை

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. பாஷ் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய வரிசை பம்பும் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக நிற்பது) அதன் உறவான ரோட்டரி பம்பும் ஒரு குடும்பம்; மெக்கானிக்கல் பம்ப் என்பது இவைதான். டென்ஸோ 1995இல் லாரிகளுக்குக் கொண்டுவந்த காமன் ரெயில் இன்னொரு குடும்பம். முதல் குடும்பத்தில் பாதுகாப்பாகச் செய்யும் ஒரு வேலை, இரண்டாவதில் ஆளைக் கொல்லக்கூடும். உங்கள் வண்டி எது என்று தெரியாமல் ஒரு நட்டையும் தளர்த்தாதீர்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவாக ஒரு தடித்த உலோகக் குழாயும், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு மின் கனெக்டரும் இருந்தால் அது காமன் ரெயில்.

மெக்கானிக்கல் பம்பில்:

1. ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஃபீட் பம்பில் உள்ள கைப்பம்பைத் திறந்து அடியுங்கள். முதலில் வெறும் காற்று. பிறகு வெண்மையான நுரை. பிறகு குமிழியும் டீசலுமாகத் துப்பும். கடைசியில் கண்ணாடி போலத் தெளிவான டீசல் அறாமல் வரும். அதன்பின்னும் பத்து அடி அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு முறுக்கினால் கடைசி நொடியில் ஒரு குமிழி திரும்ப உள்ளே போகும்.

2. அடுத்து பம்பின்மேல் உள்ள ஏர் ஸ்க்ரூ. அதே முறை. இங்கே அவசரப்படாதீர்கள், பம்பின் உள்ளறை நிறையச் சற்று நேரம் எடுக்கும். நிறைந்துவிட்டால் கைப்பம்பு கனத்துவிடும். உள்ளங்கையில் ஓர் எதிர்ப்பு தெரியும். எவ்வளவு அடித்தும் கைப்பம்பு லேசாகவே இருந்தால் காற்று இன்னும் எங்கிருந்தோ வருகிறது, அல்லது ஃபீட் பம்பின் வால்வுக்கு அடியில் ஒரு துரும்பு சிக்கியிருக்கிறது.

3. கைப்பம்பின் தலையை முழுவதும் திருகி மூடுங்கள். திறந்தே விட்டால் அதுவும் காற்று நுழையும் வழிதான்.

4. இன்ஜெக்டர் முனையில் உள்ள குழாய் நட்டுகளை, இரண்டு மூன்றை மட்டும், ஒரு சுற்று தளர்த்துங்கள். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துடித்துத் துடித்து வெளிவந்ததும் ஒவ்வொன்றாக முறுக்குங்கள். மற்றவற்றுக்கும் அப்படியே. இரண்டு மூன்று சிலிண்டர்கள் சுத்தமானதுமே இன்ஜின் தடுமாறிப் பிடித்துவிடும். மீதிக் காற்றை அதுவே தள்ளிவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், தளர்த்திய நட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

காமன் ரெயிலில் நான்காவது படி கிடையவே கிடையாது. அங்கே வேலை அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். செல்ஃப் அடிக்கும்போதே சில நூறு பார் வந்துவிடும். ஊசித்துளை வழியே வரும் அந்தத் தாரை தோலைக் கிழித்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். அப்படி நடந்தால் கட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். ஒழுக்கைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் குச்சியில் செருகிப் பிடியுங்கள், விரலை நீட்டாதீர்கள். ஓடிய இன்ஜினை நிறுத்திய பிறகும் ரெயிலில் அழுத்தம் மிஞ்சியிருக்கும். குறைந்தது 10 நிமிடம் பொறுத்து, வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பின்பே ஸ்பேனரை எடுங்கள்.

ஆகவே காமன் ரெயில் வண்டியில் தாழ்ந்த அழுத்தப் பக்கத்தை மட்டும் நிரப்பினால் போதும். ஃபில்டர் தலையில் கைப்பம்பு இருந்தால் அது கனக்கும் வரை அடியுங்கள். நூறு அடிக்கு மேல் ஆகலாம், சோர்ந்துவிடாதீர்கள். மின்சார ஃபீட் பம்ப் இருந்தால் சாவியை ஆன் நிலையில் வைத்து, பம்பின் இரைச்சல் அடங்கியதும் அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். ஐந்தாறு முறை செய்தால் ஃபில்டர் நிறைந்துவிடும். பிறகு செல்ஃப் அடித்தால் ரெயிலில் உள்ள காற்று ரிட்டர்ன் (மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) வழியாகத் தானே போய்விடும்.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றிப் பூட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நடுத்துளையில் ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டப்படாமலேயே பம்புக்குப் போகும். சில மைக்ரான் இடைவெளியில் இயங்கும் இன்ஜெக்டருக்குக் கேனின் அடியில் கிடந்த ஒரு துகள் போதும். காமன் ரெயிலில் காலியாகவே பூட்டிக் கைப்பம்பால் நிரப்புங்கள்.

இடம் மாறிய குழாய்கள்

ஏர் எடுக்கவே முடியவில்லை, எவ்வளவு அடித்தாலும் டீசல் வரவில்லை என்றால் குழாய்கள் மாறியிருக்கலாம். ஃபில்டர் தலையில் உள்ளே போகும் வாயும் வெளியே வரும் வாயும் ஒரே அளவு. அம்புக்குறி அழுக்கில் மறைந்திருக்கும். துடைத்துப் பாருங்கள். பம்பில் சப்ளை குழாயும் ரிட்டர்ன் குழாயும் மாறினாலும் இதே கதை.

ரோட்டரி பம்பில் இன்னொரு நுணுக்கம். ரிட்டர்ன் குழாயைப் பிடிக்கும் பாஞ்சோ போல்ட்டும் சப்ளை பக்கப் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ரிட்டர்ன் போல்ட்டுக்குள் மிகச் சிறிய துளை இருக்கும். பம்புக்குள் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அந்தத் துளைதான். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் சப்ளை பக்கம் மூச்சுத் திணறும், ரிட்டர்ன் பக்கம் டீசல் தங்காமல் ஓடும். வரிசை பம்பில் ரிட்டர்ன் வாயில் உள்ள ஸ்ப்ரிங் வால்வும் இதே வேலையைச் செய்கிறது. அதற்குப் பதில் சாதாரணப் போல்ட்டைப் போட்டுவிட்டால் பம்பின் உள்ளறையில் அழுத்தமே ஏறாது.

இன்ஜெக்டர் குழாய்களின் வரிசையையும் சரிபாருங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜினில் வழக்கமான எரிப்பு வரிசை 1-5-3-6-2-4, நான்கு சிலிண்டரில் 1-3-4-2. வரிசை பம்பில் முதல் வாய் முதல் சிலிண்டருக்கு என்று நேராகப் போகும். ரோட்டரி பம்பில் வாய்கள் வட்டமாக இருப்பதால் குழப்பம் வரும். இரண்டு குழாய் மாறினால் வெண்புகையும் தடுமாற்றமும் வரும். நான்கு மாறினால் பிடிக்கவே பிடிக்காது.

நிறுத்தும் பக்கமும் மின்சாரப் பக்கமும்

டீசல் இன்ஜினை நிறுத்துவதே டீசலை அடைப்பதால்தான். அந்த அடைப்பு இன்னும் மூடியே இருந்தால்? பம்பைப் பூட்டியபின் ஸ்டாப் கேபிளை இறுக்கிக் கட்டிவிட்டால், ஸ்டாப் நெம்புகோல் முழுவதும் திரும்பி வராமல் பாதியில் நிற்கும். கேபிளைக் கழற்றிவிட்டு நெம்புகோலைக் கையால் ஓடும் நிலைக்குத் தள்ளி செல்ஃப் அடித்துப் பாருங்கள். ரோட்டரி பம்பில் சோலினாய்டு (மின்சாரத்தால் டீசலைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும். சாவியை ஆன் செய்ததும் 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வயரில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டரால் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போதும் வர வேண்டும். சாவி ஆனில் இருக்கையில் வந்து, செல்ஃப் அடிக்கையில் அறுந்துபோவதும் உண்டு.

காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனர் இல்லாமல் தேடுவது இருட்டில் துழாவுவதற்குச் சமம். செல்ஃப் அடித்துக்கொண்டே இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று இன்ஜின் வேகம்: பூஜ்யம் காட்டினால் கிராங்க் சென்சார் அல்லது அதன் கனெக்டர். இன்னொன்று ரெயில் அழுத்தம்: வண்டிக்கு வண்டி மாறினாலும் ஏறக்குறைய 150 முதல் 300 பார் வரை எட்டாமல் கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது.

அழுத்தம் ஏறவில்லையென்றால் முதலில் தாழ்ந்த அழுத்தப் பக்கத்தில் போதுமான டீசல் வருகிறதா என்று மறுபடி பாருங்கள். அது சரியென்றால் உண்டாகும் அழுத்தம் எங்கோ தப்பிக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் தெளிவான குழாயைச் செருகித் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, 10 வினாடி செல்ஃப் அடியுங்கள். ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் ஒழுகுகிறது. எல்லாப் பாட்டில்களும் ஏறக்குறைய காலியாக இருந்தால் ரெயிலின் பாதுகாப்பு வால்வையும், பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வையும், கடைசியாகப் பம்பையும் சந்தேகியுங்கள். புது இன்ஜெக்டர் போட்டிருந்தால் அதன் தலையில் பொறித்த குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வழக்கமாக இன்ஜின் கரடுமுரடாக ஓடுமே தவிர, பிடிக்காமல் இருப்பதற்கு அது பெரும்பாலும் காரணமாகாது.

டைமிங்

பம்பைக் கழற்றாத வண்டியில் இந்தப் பகுதி தேவையில்லை.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று சுற்றும். ஆகவே முதல் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும்: ஒன்று கம்ப்ரஷனில், ஒன்று புகையை வெளியேற்றும்போது. ஃப்ளைவீலில் உள்ள குறி இரண்டிலும் ஒன்றாகவே தெரியும். தவறான உச்சியில் பம்பைப் பூட்டினால் பம்ப் சரியாக அரைச்சுற்று தள்ளிப்போய்விடும். குறிகள் எல்லாம் நேராக நிற்கும், டீசலும் வரும், வெண்புகையும் வரும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. வால்வு மூடியைத் திறந்து பாருங்கள்: முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் தளர்வாக, கடைசி சிலிண்டரின் வால்வுகள் ஒன்று மூடி ஒன்று திறக்கும் தறுவாயில் இருந்தால் அது கம்ப்ரஷன் உச்சி. அந்த நிலையில் பம்பின் குறி முதல் சிலிண்டரைக் காட்ட வேண்டும்.

ஈதர் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பிடிக்காத வண்டிக்கு எல்லோரும் சொல்லும் மருந்து இது. ஹீட்டர் பிளக்கோ காற்றைச் சூடேற்றும் அமைப்போ உள்ள இன்ஜினில் ஈதர் உள்ளே நுழையும் இடத்திலேயே பற்றி வெடிக்கும். மற்றவற்றிலும் அது நேரம் தவறி எரிந்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கக்கூடும். தவிர, கோளாறு டீசல் வராததுதான் என்று தெரிந்த பிறகு ஈதரால் தெரிந்துகொள்ளப் புதிதாக எதுவும் இல்லை. நான் தொடுவதில்லை.

இன்ஜின் பிடித்த பிறகு

உடனே வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் சில நிமிடம் தடுமாறும். மிஞ்சிய காற்று போகும்வரை மிதமான வேகத்தில் ஓடவிடுங்கள். கை பட்ட ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துக் காயவைத்து, அட்டையும் விளக்கும் கொண்டு பாருங்கள். நீண்ட நேரம் செல்ஃப் அடித்திருந்தால் எரியாத டீசல் ரிங் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்தாலோ டீசல் வாடை அடித்தாலோ ஆயிலை மாற்றிய பிறகே மீண்டும் ஓட்டுங்கள்.

பிறகு சுமையோடு ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்ததும் இரவு முழுவதும் நிறுத்திவையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் மயிரிழை ஓட்டை இருந்தால் ஓடும்போது தெரியாது. நிற்கும்போது குழாயில் உள்ள டீசல் மெல்ல டேங்குக்குத் திரும்பி, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காலையில் கைப்பம்பைத் தொடாமல், ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் சாவியை ஓட்டுநரிடம் கொடுக்கலாம். இரண்டு மூன்று முறை அடித்த பிறகே பிடித்தால், அந்தத் தாளை மறுபடி எடுத்து, டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள இணைப்புகளிலிருந்து தொடங்குங்கள்.